காப்பீட்டு அட்டையும் கொதிப்பு மாத்திரையும்

அரியலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர் செந்துறை. சுற்றுப்புறத்தில் முந்திரித் தோப்புகள் மிகுதி. அரியலூர்ப் பக்கம் திரும்பினால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் கண்ணில் படும். இந்த வட்டாரத்தில் கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு குடும்பத்தை மனக்கண்ணால் பார்ப்போம். வீட்டுத் தலைவிக்கு வயது 45. அவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. சுவரில் மாட்டியுள்ள மஞ்சள் பையில் ரேஷன் அட்டையோடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையும் பத்திரமாக இருக்கிறது. அதே பையின் அடியில் பாதி தீர்ந்த மாத்திரைப் பட்டை ஒன்று கிடக்கிறது.

அட்டையின் மதிப்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மாத்திரையின் விலையோ சில ரூபாய்தான். இவ்விரண்டில் அந்தக் குடும்பத்தை மிகுதியாகக் காப்பது எது? வாசகர்களே, உடனே விடை கூறிவிடாதீர்கள். இக்கேள்வி தோன்றும் அளவுக்கு எளிதானதன்று. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைப் புகழ்வோரும் இகழ்வோரும் பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்காமலே பேசுகின்றனர். அதனால் அத்திட்டங்களை இந்த ஒரே கேள்வியைக் கொண்டு உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீட்டு வேறு, காப்பீடு வேறு

முதலில் காப்பீடு என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் ஊர்களில் சீட்டுக் கட்டாத தெரு இல்லை. இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டினால், மாதத்திற்கு ஒருவராக இருபது பேரும் பணத்தை எடுத்து விடுவார்கள். எவருக்கு முன்னே, எவருக்குப் பின்னே என்பதுதான் வேறுபாடு. கட்டியவர் அனைவருக்கும் பணம் திரும்பி வரும். சீட்டு நடத்துபவருக்குரிய கழிவு மட்டும் போகும்.

காப்பீடு அப்படிப்பட்டதன்று. இதிலும் பலர் பணம் கட்டுகின்றனர். ஆனால் யாருக்குத் துன்பம் நேர்கிறதோ அவருக்கு மட்டுமே பணம் போகிறது. மற்றவர் கட்டியது திரும்பி வராது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் காப்பீடு செய்து கொள்கின்றனர்? துன்பம் தமக்கு வருமா வராதா என்பது எவருக்கும் தெரியாது. வந்தாலோ ஒருவரால் தாங்க முடியாது. தனி மனிதனுக்கு இதய நோய் எப்போது வரும் என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்து லட்சம் பேரை எடுத்துக் கொண்டால், ஓராண்டில் அவர்களுள் ஏறத்தாழ எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும் என்று பெரிதும் பிழையின்றிச் சொல்லிவிடலாம். எண்ணிக்கை பெருகப் பெருக நிச்சயமின்மை குறைகிறது. புள்ளியியலார் இதைப் பேரெண் விதி என்பர். காப்பீடு என்ற கட்டடம் முழுவதும் இந்த அடித்தளத்தின் மீதே நிற்கிறது.

எனவே காப்பீடு நன்கு வேலை செய்வதற்கு மூன்று இயல்புகள் வேண்டும். செலவு அரிதாக வரவேண்டும்; பெரிதாக இருக்க வேண்டும்; யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாமல் இருக்க வேண்டும். நம் செந்துறை அம்மாளின் மாத்திரைச் செலவை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது அரிதன்று, நாள்தோறும் வருவது. பெரிதன்று, சிறியது. தெரியாததன்று, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வரும் என்பது திண்ணம்.

இத்தகைய செலவிற்குக் காப்பீடு செய்தால் என்ன ஆகும்? மாத்திரைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் என்று ஒரு கணக்கிற்காக வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 3,650 ரூபாய். காப்பீட்டு நிறுவனத்திற்கு இச்செலவு உறுதியாகத் தெரிந்துவிட்டதால், அதே 3,650 ரூபாயையும் அதன்மேல் நிருவாகச் செலவையும் சேர்த்துத்தான் பிரிமியமாகக் கேட்கும். நிருவாகச் செலவு நூற்றுக்கு 15 என்றால் பிரிமியம் ஏறத்தாழ 4,200 ரூபாய் ஆகிவிடும். அதாவது காப்பீடு என்ற பெயரில் நடப்பது ஒரு சீட்டு. அதுவும் கழிவு மிகுந்த சீட்டு!

849 ரூபாயின் கணக்கு

இனித் தமிழ்நாட்டின் திட்டத்திற்கு வருவோம். ஆந்திரப் பிரதேசத்தில் 2007ஆம் ஆண்டு ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டம் தொடங்கியது. அதையடுத்து 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதில் குடும்பம் ஒன்றுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைத்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 2018 செப்டம்பரில் இது மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி 1.37 கோடிக் குடும்பங்களுக்காக, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரிமியம் நிர்ணயிக்கப்பட்டது. இதைக் குடும்பங்கள் கட்டுவதில்லை, அரசே கட்டுகிறது.

இந்த எண்களைச் சற்றே பெருக்கியும் வகுத்தும் பார்ப்போம். 1.37 கோடியை 849 ஆல் பெருக்கினால் 1,160 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. தொகை பெரிதுதான். ஆனால் 5 லட்சத்தை 849 ஆல் வகுத்துப் பாருங்கள், 589 வருகிறது. 589 குடும்பங்களின் பிரிமியம் முழுவதையும் திரட்டினால்தான் ஒரு குடும்பத்திற்கு முழுத் தொகையையும் தர முடியும். சராசரிச் சிகிச்சைக்கு 30,000 ரூபாய் ஆகிறது என்று கணக்கிற்காக வைத்துக் கொண்டால், ஏறத்தாழ 35 குடும்பங்களில் ஒன்றுக்கு ஓராண்டில் உதவி கிட்டும். மற்ற 34 குடும்பங்களுக்கு அவ்வாண்டில் அட்டையால் பணப்பயன் இல்லை. இது குறையன்று, காப்பீட்டின் இயல்பே இதுதான். ஆனால் "5 லட்சம் ரூபாய்க் காப்பீடு" என்று கேட்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் 5 லட்சம் ரூபாய் வைக்கப்பட்டிருப்பதாக ஒரு மயக்கம் ஏற்படுகிறதே, அது களையப்பட வேண்டும். வீடு ஒன்றுக்கு வைக்கப்பட்டிருப்பது 849 ரூபாய். அந்த அம்மாளின் மாத்திரைச் செலவோ, நாம் மேலே போட்ட கணக்கின்படி, அதைப்போல் நான்கு மடங்கிற்கும் மேல்.

அட்டை செய்யும் நன்மை

அட்டையால் பயனில்லை என்று கூறுவது நம் கருத்தன்று. இதயத்தில் துளையோடு பிறந்த குழந்தை, காது கேளாத குழந்தைக்கான உட்செவிக் கருவி, புற்றுநோய்க்கான சிகிச்சை, சிறுநீரகம் பழுதானோர்க்கு இரத்தச் சுத்திகரிப்பு ஆகியவற்றிற்கு அட்டை கதவைத் திறக்கிறது. அட்டை இல்லாத காலத்தில் இவற்றுக்கு நிலத்தை விற்க வேண்டும். அன்றேல் நோயாளியைக் கைவிட வேண்டும். அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இடம்பெற்றிருப்பதால், அங்கே நடைபெறும் சிகிச்சைக்கும் பணம் வந்து சேருகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. தாமே பணம் கட்டிக் காப்பீடு வாங்குவோரிடம் ஒரு சிக்கல் எழுகிறது. நோயுற்றவரே காப்பீட்டை ஆர்வத்தோடு நாடுவார்; நலமாக இருப்பவர் ஒதுங்கி நிற்பார். நோயாளிகள் மிகுந்தால் பிரிமியம் ஏறும். ஏறினால் நலமானவர் மேலும் விலகுவர். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், முதியோர்க்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் அரிதாகிறது என்பதை இம்முறையில் விளக்கினார். இதைப் பாதகத் தேர்வு என்கிறோம். இதிலிருந்து தப்பவே தனியார் பாலிசிகள், முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் விதிக்கின்றன. இக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்தது. அரசுத் திட்டத்தில் நோயுள்ள குடும்பம், நோயில்லாக் குடும்பம் அனைத்தும் ஒன்றாகச் சேர்க்கப்படுவதால் இச்சிக்கல் எழுவதில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதன் பலன் இது.

அட்டை திறக்காத கதவு

அப்படியானால் குறை எங்கே? பட்டியலில் உள்ள அறுவைகள், சிகிச்சைகள், சில சோதனைகள், சில தொடர் சிகிச்சைகள் ஆகியவற்றுக்கே அட்டை செல்லும். பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் அதற்கு வேலை. ஆனால் நம் நாட்டுக் குடும்பங்கள் தம் கைப்பணத்திலிருந்து மருத்துவத்திற்குச் செய்யும் செலவில் பெரும்பகுதி படுக்கையில் சேராமல் செய்யும் செலவு. அதிலும் மருந்துச் செலவே முதன்மையானது. காய்ச்சல், மூட்டு வலி, சர்க்கரை, கொதிப்பு என்று மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கரையும் பணம் இது. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, கடனுக்கும் பொருந்தும்.

இந்தியாவின் தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி, 2013-14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காடு மக்களின் கைப்பணம். 2021-22இல் இது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் 2021-22 கொரோனாக் காலமாதலின் அரசின் செலவு வழக்கத்தினும் மிகுந்திருந்தது என்பதையும் கருத வேண்டும். குறைந்த பின்னரும் ஐந்து ரூபாயில் ஏறத்தாழ இரண்டு ரூபாய் குடும்பத்தின் மடியிலிருந்தே போகிறது.

"ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொதிப்பு மாத்திரை இலவசமாயிற்றே, அந்த அம்மாள் ஏன் கடையில் வாங்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கும் ஒரு கணக்குப் போடுவோம். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கச் செல்ல வேண்டும். புறநோயாளிப் பிரிவு காலையில் நடைபெறும். முந்திரி பொறுக்கும் வேலையும் காலையில்தான். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போயிற்று. கூலி 300 ரூபாய், பேருந்து முதலிய செலவு 40 ரூபாய் என்று கொண்டால், இலவச மாத்திரையின் உண்மை விலை மாதம் 340 ரூபாய். ஆண்டு முழுவதும் இதே கணக்கானால் 4,080 ரூபாய். கடையில் வாங்கினாலோ 3,650 ரூபாய்தான். இலவச மாத்திரையைவிட விலை கொடுத்து வாங்கும் மாத்திரை மலிவு! இவ்விரண்டையும்விட மலிவான வழி ஒன்று உண்டு. அது மாத்திரையையே விட்டுவிடுவது. கொதிப்பு வலி தராத நோய். மாத்திரையை நிறுத்திய மறுநாள் எதுவும் நேர்ந்துவிடுவதில்லை.

இது கற்பனை அச்சமா? 2020இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று, 18 முதல் 69 வயதுடையோரில் 33.9 விழுக்காட்டினர்க்கு இரத்தக் கொதிப்பு இருப்பதைக் கண்டது. அவர்களுள் கொதிப்பு கட்டுக்குள் இருந்தது 7.3 விழுக்காட்டினர்க்கு மட்டுமே. நூறு கொதிப்பு நோயாளிகளில் ஏழு பேர்! மீதி 93 பேரில் பலருக்குத் தம் நோயே தெரியாது. தெரிந்தவரிலும் பலர் மருந்தைத் தொடர்வதில்லை. காரணம் பணம் மட்டுமன்று. ஆனால் பணமும் ஒரு காரணம்.

கட்டுக்கடங்காத கொதிப்பு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மூளையில் இரத்தக் குழாய் அடைபடலாம், வெடிக்கலாம். சிறுநீரகம் பழுதாகலாம். அப்போது அட்டை விழித்துக் கொள்கிறது. இரத்தச் சுத்திகரிப்புக்குப் பணம் தருகிறது. ஏரிக்கரை உடைந்தபின் மணல் மூட்டை வாங்க நிதி ஒதுக்குவது போன்றது இது. மூட்டையும் தேவைதான். ஆனால் கரை உடைந்த கணக்கையே நிதி நன்றாகச் செலவான கணக்காகக் காட்டக் கூடாதல்லவா? காப்பீட்டுத் திட்டங்களின் வெற்றியை எத்தனை அறுவைகள், எத்தனை கோடி ரூபாய் என்றே நாம் அளந்து வருகிறோம். இவ்வெண்கள் உயர்வதில் எவ்வளவு, முன்பு சிகிச்சை கிடைக்காதவர்க்கு இப்போது கிடைத்ததால் வந்தது? எவ்வளவு, தடுத்திருக்கக் கூடிய நோயைத் தடுக்காததால் வந்தது? முதலாவது வெற்றி, இரண்டாவது தோல்வி. ஒரே எண்ணுக்குள் இரண்டும் ஒளிந்திருக்கின்றன.

இலவசம் என்றால் வீணாக்குவார்களா?

சிறு சிகிச்சைகளையும் இலவசமாக்கினால் மக்கள் தேவையின்றி மருத்துவரிடம் ஓடுவார்கள் என்பது ஒரு பழைய வாதம். செலவைப் பிறர் ஏற்கும்போது சிக்கனம் தளரும் இந்நிலையைப் பொருளியலார் நெறிமுறை இடர் என்பர். இவ்வாதத்தை ஊகத்தால் அன்றிச் சோதனையால் ஆராய்ந்தவர்கள் அமெரிக்க ராண்ட் நிறுவனத்தார். ஜோசப் நியூஹவுஸ் தலைமையில் 1974 முதல் 1982 வரை ஏறத்தாழ 2,750 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தனர். சிலருக்கு மருத்துவம் முற்றிலும் இலவசம். மற்றவர்கள் ஒரு வரம்பு வரை செலவில் 25, 50 அல்லது 95 விழுக்காட்டைத் தாமே ஏற்க வேண்டும்.

முடிவு இருபக்கமும் வெட்டும் கத்தியாக அமைந்தது. மிகுதியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தவர்கள் இலவசம் பெற்றவரைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாகச் செலவு செய்தனர். சராசரி மனிதரின் உடல்நலத்தில் அதனால் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. ஆக, இலவசமானால் பயன்பாடு பெருகும் என்பது மெய். ஆனால் மக்கள் குறைத்துக் கொண்டது வீண் சிகிச்சையை மட்டுமன்று. பயனுள்ள சிகிச்சையையும் ஏறத்தாழ அதே அளவில் குறைத்தனர். சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்துப் பொறுக்குவது போல் நோயாளியால் சிகிச்சையைப் பொறுக்க இயலவில்லை. எல்லாவற்றினும் முக்கியமானது பின்வருவது: ஏழைகளாகவும் கொதிப்பு நோய் உடையவர்களாகவும் இருந்தோர்க்கு இலவச மருத்துவம் தெளிவான நன்மை செய்தது. அவர்கள் கொதிப்பு குறைந்தது. இறப்பு இடரும் தாழ்ந்தது. நம் செந்துறை அம்மாளை நினைவில் வைத்துக் கொண்டு இம்முடிவை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

மருத்துவமனையின் பக்கம்

நோயாளி மட்டுமா சிக்கனத்தை மறக்கக் கூடும்? கென்னத் ஏரோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1963இல் எழுதிய கட்டுரை இத்துறைக்கே அடிக்கல் நாட்டியது எனலாம். மருத்துவம் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று என்று அவர் காட்டினார். நமக்கு என்ன தேவை என்பது நமக்குத் தெரியாது. விற்பவராகிய மருத்துவருக்கே தெரியும். வாங்குபவருக்கு ஆலோசகரும் அவரே, விற்பவரும் அவரே. இந்நிலையில் பணம் எவ்வழியில் வருகிறதோ அவ்வழியில் சிகிச்சையும் சாய்வது இயல்பு. இதற்கு எவரும் தீயவராக இருக்க வேண்டியதில்லை.

நம் காப்பீட்டுத் திட்டங்கள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கின்றன. கட்டணம் மிகக் குறைந்தால் மருத்துவமனை அந்நோயாளியைத் தவிர்க்கும். அல்லது வேறு வழியில் பணம் கேட்கும். கட்டணம் தாராளமாக இருந்தால் தேவையில்லாத அறுவையும் தேவையாகிவிடும். இதற்குச் சான்று உண்டு. 2008இல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஸ்வஸ்த்ய பீமா யோஜனா, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை காப்பீடு அளித்தது. சத்தீஸ்கர், பீகார் மாநிலங்களில் இதன் கீழ் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை நீக்கப்பட்டது பின்னர் வெளிப்பட்டது. இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் செயற்படுத்த வேண்டும் என்று அந்நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. அட்டையைக் கொண்டு வந்த பெண், அட்டையாலேயே ஓர் உறுப்பை இழந்தாள்.

காப்பீடு இல்லாத இடத்திலும் இச்சாய்வைக் காணலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறத்தாழ 36 விழுக்காடும், தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் ஏறத்தாழ 64 விழுக்காடும் சிசேரியன். இரண்டு இடங்களுக்கும் வரும் தாய்மார்கள் ஒரே வகையினர் அல்லர் என்பது உண்மை. ஆயினும் இவ்வளவு பெரிய இடைவெளியை அது ஒன்றே விளக்கிவிடாது.

காப்பீடு அல்லாத வழி

அன்றாட மருந்துச் செலவைக் காப்பீட்டால் குறைக்க முடியாது என்று கண்டோம். வேறு எதனால் முடியும்? விடை வெளிநாட்டில் இல்லை. நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1995 முதல் அரசு மருத்துவமனைகள் அனைத்திற்கும் மருந்துகளை ஒருசேரக் கொள்முதல் செய்து வருகிறது. வணிகப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. வந்த சரக்கின் தரம் சோதிக்கப்படுகிறது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைக்கப்படுகிறது. ஒவ்வொரு மருத்துவ நிலையமும் தனக்குரிய பாஸ் புத்தகத்தின்படி எடுத்துக் கொள்கிறது. கோடிக்கணக்கான மாத்திரைகளை ஒருவரே வாங்கும்போது விலை சரிகிறது. ராஜஸ்தான் 2011இல் தொடங்கிய இலவச மருந்துத் திட்டத்திற்கு இதுவே முன்மாதிரி. இங்கே இடரைப் பங்கிடவில்லை, விலையையே குறைத்தார்கள். முன்னது காப்பீட்டின் வேலை. பின்னது கொள்முதலின் வேலை.

மலிவாக வாங்கிய மாத்திரையும் வீட்டை அடைய வேண்டுமே! கூலி இழப்பு என்ற அந்த 300 ரூபாய்ச் சிக்கலை எந்த அட்டையும் தீர்க்காது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் இவ்விடத்தில்தான் பொருளியல் நோக்கில் சிறப்புப் பெறுகிறது. கொதிப்பு, சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே மருந்து வருகிறது. மாத்திரையின் விலை முன்பும் சுழிதான்; இப்போது அதைப் பெறுவதற்கான விலையும் சுழியை நெருங்குகிறது. இத்திட்டத்திற்கும் நாம் அதே அளவுகோலையே வைக்க வேண்டும். எத்தனை வீடுகளுக்குச் சென்றார்கள் என்ற எண் போதாது. 7.3 என்ற அந்த விழுக்காடு எவ்வளவாக உயர்ந்தது என்பதே கேள்வி.

காப்பீடு என்ற பெயரிலேயே புறநோயாளி மருத்துவமும் தரும் அமைப்பு ஒன்று நம் நாட்டில் உண்டே என்று சிலர் நினைவூட்டக்கூடும். உண்மை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952இல் செயற்படத் தொடங்கிய தொழிலாளர் அரசு காப்பீடு அது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்காக நிருவாகம் 3.25 விழுக்காடும், தொழிலாளி 0.75 விழுக்காடும் கட்டுகின்றனர். மருந்தகம், மருத்துவமனை இரண்டும் உண்டு. நோயால் வேலைக்குப் போகாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடும் உண்டு. ஆனால் கூர்ந்து நோக்குங்கள். இது வெறும் காப்பீடன்று. காப்பீட்டோடு, தானே மருந்தகம் நடத்தும் ஏற்பாடும் கூலி ஈடும் சேர்ந்தது. சட்டத்தின் வரம்புக்குள் வரும் ஆலைத் தொழிலாளிக்கு இது கிடைக்கும். அதே ஊரில் முந்திரி பொறுக்கும் பெண்ணுக்குக் கிடைக்காது.

தாய்லாந்து 2002இல் வேறொரு வழியைக் கண்டது. வரிப்பணத்தைக் கொண்டு, தம்மிடம் பதிவு செய்தோரின் தலைக்கு இவ்வளவு என வட்டார மருத்துவமனைகளுக்குப் புறநோயாளிச் செலவைத் தந்தது. நோயாளி ஒருமுறைக்கு 30 பாட் கொடுத்தால் போதும் என்று தொடங்கியது. தலைக்கு இவ்வளவு என்றால், பதிவு செய்தவர் நலமாக இருப்பதே மருத்துவமனைக்கு ஆதாயம். அறுவைக்கு இவ்வளவு என்றால், அறுவை நடப்பதே ஆதாயம். தலைக்கணக்கிலும் குறை உண்டு; செலவை மிச்சப்படுத்தச் சிகிச்சையைக் குறைத்து விடலாம். எனினும் கொதிப்பு போன்ற நீள்நோய்க்கு எக்கணக்கு ஏற்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் முடிவு

எனவே அட்டையைத் தூக்கி எறிய வேண்டும் என்பது நம் தீர்ப்பன்று. அரிதாகவும் பெரிதாகவும் வரும் துன்பத்திற்கு அது தக்க கருவி. அன்றாட நோய்ச் செலவிற்கு அது தவறான கருவி. வரம்பை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினாலும் அவ்வாறே. வரம்பு உயர்வது செய்தித்தாளில் தலைப்பாகிறது. மருந்துக் கிடங்கில் இருப்புக் குறைவது ஆவதில்லை. ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் அதை முதலில் எங்கே போடுவது என்பதே வழக்கு. மாத்திரைக்கும், அதை வீடு சேர்க்கும் ஊழியர்க்கும், கொதிப்பை அளந்து எழுதும் ஏட்டுக்கும் முதலில். வரம்பை உயர்த்துவதற்கு அடுத்து. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரிய சிகிச்சை செந்துறைக்கு அருகில் வந்துவிட்டது. சிறிய சிகிச்சையும் அந்த அளவுக்கு அருகில் வர வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் செய்து பார்க்க ஓர் எளிய ஆய்வு. ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து கொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் வீட்டில் ஆன மருத்துவச் செலவுகளை வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள். படுக்கையில் சேர்ந்து ஆன செலவு முதல் பத்தியில். மாத்திரை, சோதனை, மருத்துவர் கட்டணம் இரண்டாவது பத்தியில். பேருந்துக் கட்டணம், இழந்த கூலி மூன்றாவது பத்தியில். முதல் பத்திக்கே அட்டை பெரிதும் உதவும் என்பதை நினைவில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டிலும், அவர்கள் ஒப்பினால், கேட்டு எழுதுங்கள். பத்து வீடுகளின் கணக்குச் சேர்ந்தால், மஞ்சள் பையில் உள்ள அட்டையையும் மாத்திரையையும் பற்றி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு உங்கள் தெருவின் விடை உங்கள் கையிலேயே இருக்கும்.